ஆண்டறிக்கை 2024–25: வீட்டு முகப்பில் ஆவாரை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கோவைப் புறநகரில் இயங்கும் நமது வீட்டுத் தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பேரவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. எனவே, இவ்வாண்டு நாம் மேற்கொண்ட ஆவாரை வளர்ப்பைப் பற்றியே விரிவாகக் கூற விழைகிறேன்.

முன்னர் இட்டேரி எனும் வேலிகளுக்கு இடைப்பட்ட மண்பாதைகளின் ஓரங்களிலும் காலி மனைகளிலும் தானாகவே மண்டிக் கிடந்த ஆவாரை, மனைகளெல்லாம் வீடுகளானபின் அருகிப்போய், பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேண்டிய பூவைக்கூட பூளைப்பூ, வேப்பிலையோடு சேர்த்துச் சந்தையில் விலைக்கு வாங்கும் நிலை வந்துவிட்டது. தெலங்கானாவில் இச்செடியைத் தங்கேடு என்று அழைத்து, மாநில மலராகவே போற்றுகிறார்கள். நாமோ சுற்றுச்சுவரோரம் வைக்க அயல்நாட்டுச் செடிகளைத் தேடிக்கொண்டிருந்தோம். அதை மாற்றவே சென்ற பேரவையில் ஆவாரையைத் தேர்ந்தெடுத்தோம்.

ஆவாரை விதையின் தோல் மிகவும் கடினமானது என்பதால், கொதித்து இறக்கிய வெந்நீரில் இட்டு ஓர் இரவு ஊறவைத்து, மிதப்பவற்றை நீக்கிவிட்டு, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பாக விதைக்குமாறு உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தினோம். சிலர் நாற்றுப்பையில் முளைக்கவைத்தனர். சிலர் நேரே நிலத்தில் ஊன்றினர். இதன் ஆணிவேர் விரைவாக ஆழம் தேடுவதால், பையில் நெடுநாள் இருந்த நாற்றுகளின் வேர் அடியில் சுருண்டுவிட, அவை நட்டபின் தேறவில்லை. நேரே ஊன்றியவையே செழித்திருக்கின்றன. ஆகவே, இனி நாற்று வழங்காமல் விதை மட்டுமே வழங்குவதென்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

செடி பட்டுப்போனதாக வந்த முறையீடுகளில் பெரும்பாலானவை புல்தரைக்கு அன்றாடம் நீர் பாய்ச்சும் வீடுகளிலிருந்தே வந்தன. ஆவாரைக்கு நாள் முழுதும் வெயிலும், நீர் தேங்காத மண்ணும் வேண்டும். வேர் பிடித்தபின் தண்ணீரும் உரமும் அதிகம் தேவையில்லை. அன்பு மிகுந்த உறுப்பினர்களுக்கு இது சற்றுக் கடினமான செடி என்றே சொல்ல வேண்டும். ஆள் உயரத்தைத் தாண்டி வளரக்கூடியதாகையால், செடிக்குச் செடி ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளி விட்டு, பூத்து ஓய்ந்தபின் நுனிகளைக் கவாத்து செய்தால் அடர்ந்த வேலியாகும்.

இப்பூவில் தேன் இல்லை. மகரந்தமும் மகரந்தப்பையின் நுனியிலுள்ள துளை வழியாகவே வெளிவரும். கரிய தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு இறக்கையை அசைக்காமல் உடலை மட்டும் அதிரவைக்க, மகரந்தம் பொடியாக உதிர்ந்து அதன் வயிற்றில் படிவதை, சங்க முகப்பில் வளர்ந்துள்ள செடியிலேயே காலை வேளையில் காணலாம்.

இலையை அரிக்கும் பச்சைப் புழுக்களுக்கு மருந்து அடிக்கலாமா என்ற கேள்வி பலமுறை எழுந்தது. இலைக்காம்பை ஒட்டி, பக்கவாட்டில் வெளிர்கோட்டுடன் அசையாது கிடக்கும் அப்புழுக்கள், நம் தோட்டங்களில் பறக்கும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் குஞ்சுகளே. அரித்த கிளையும் விரைவில் தழைத்துவிடும். ஆகவே மருந்து வேண்டாம் என்பதே செயற்குழுவின் நிலைப்பாடு. இதில் இன்னும் சிலருக்கு உடன்பாடில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

“ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்ற பழமொழியைச் சொல்லிப் பூவை உலர்த்திக் கசாயமிடும் உறுப்பினர்கள், சர்க்கரை நோய்க்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

முற்றிப் பழுப்பேறிய காய்களைப் பறித்து, நிழலில் உலர்த்தி, பெயரெழுதிய உறையில் இட்டுச் சங்க அலுவலகத்தில் ஒப்படைக்குமாறு செடி வைத்துள்ள அனைவரையும் வேண்டி, புரட்டாசியில் விதை வழங்குவதற்கான தீர்மானத்துடன் இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்