உக்கிராணக்காரன் உவமையும் பர்மாவின் கடன் சீட்டுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லூக்கா நற்செய்தி 16-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் அநீதியுள்ள உக்கிராணக்காரன் (எஜமானின் சொத்தை நிர்வகிப்பவன்) உவமையைப் பற்றித் தங்கள் இதழின் ஞாயிறு பகுதியில் வெளிவந்த தியானக் கட்டுரை, முன்யோசனை வேண்டும் என்பதே அதன் பொருள் என்றும், மற்றவற்றில் பிரசங்கியார் சிக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்றும் முடிந்திருந்தது. யாங்கோனிலுள்ள ஒரு தமிழ்ச் சபையில் உபதேசியாராக இருந்து, இதே பகுதியை வரும் ஞாயிறன்று பிரசங்கிக்க வேண்டிய நிலையில் உள்ள என்னால் அந்த முடிவை ஏற்க இயலவில்லை.

வேலை பறிபோகவிருக்கும் அந்த உக்கிராணக்காரன், பின்னால் தன்னை வீடுகளில் ஏற்றுக்கொள்ளட்டும் என்று எண்ணி, எஜமானின் கடனாளிகளை அழைத்து, நூறு குடம் எண்ணெயை ஐம்பது என்றும், நூறு கலம் கோதுமையை எண்பது என்றும் சீட்டில் மாற்றி எழுதச் சொல்கிறான். எஜமானோ அவனை மெச்சுகிறான். இந்த மெச்சுதலே காலங்காலமாக உரையாசிரியர்களைத் தடுமாற வைத்திருக்கிறது. அவன் தனக்குச் சேரவேண்டிய தரகைத்தான் விட்டுக்கொடுத்தான் என்பார் சிலர். ஆனால் ஐந்தாம் வசனத்தில் அவன் கேட்பது, என் எஜமானிடம் நீ பட்ட கடன் எவ்வளவு என்பதுதான். தன் பங்கைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. வேறு சிலர், சக இஸ்ரவேலனிடம் வட்டி வாங்கலாகாது என்று யாத்திராகமமும் லேவியராகமமும் உபாகமமும் விலக்கியிருப்பதால், வட்டியை முதலோடு சேர்த்தே சீட்டு எழுதப்பட்டிருக்கும் என்றும், அவன் குறைத்தது அந்த மறைவான வட்டியைத்தான் என்றும் கூறுகிறார்கள். எஜமான் வழக்காடாமல் இருந்ததற்கு இது நல்ல காரணமாகவே தோன்றுகிறது. ஆயினும் இயேசு அதைச் சொல்லவில்லை. அவர் சொல்லாததை அவர் சொன்னதாக மேடையில் நின்று நான் சொல்ல முடியாது. மெச்சிய பின்னும் எட்டாம் வசனம் அவனை அநீதியுள்ளவன் என்றே அழைக்கிறது. ஆகவே அவனை நல்லவனாக்கிக் காட்டும் முயற்சியையே கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட கடனாளிகளிடமிருந்து தொடங்குவதே நமக்குத் தகும் என்று நினைக்கிறேன். இந்த நாட்டுத் தமிழருக்குக் கடன் சீட்டு வெறும் கதைப்பொருள் அன்று. ரங்கூன் (இன்றைய யாங்கோன்) மொகல் தெருவிலிருந்து கீழ் பர்மாவின் நெல் வயல்கள்வரை பரவியிருந்த செட்டியார் வட்டிக்கடைகளில் பேரேட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் முதலாளிகள் அல்லர்; தவணைக்கு வந்து, ஊருக்குத் திரும்பிக் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய ஏஜண்டுகள். 1930-இல் நெல் விலை சரிந்தபோது கடனை அடைக்க முடியாத விவசாயிகளின் நிலங்கள் அடமானத்தில் மூழ்கின. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1938 வாக்கில் 25 விழுக்காட்டை எட்டியது. நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை, பணமே அவர்களுக்கு வேண்டியிருந்தது என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். ஆனால் சீட்டில் ஐம்பது என்று எழுதப்படுவது ஒரு பர்மிய உழவருக்கு எதைக் காப்பாற்றியிருக்கும் என்பதை அறிய நமக்கு எந்த உரைநூலும் தேவையில்லை. எஜமானின் பக்கம் நின்று படிக்கும்போது மோசடியாக மட்டுமே தெரிகிற அதே செயல், கடனாளியின் பக்கம் நின்று படிக்கும்போது நிலம் தப்பிய செய்தியாகிறது. இரண்டையும் சபையின் முன் வைக்காத பிரசங்கம் பாதிப் பிரசங்கமே.

இதனால் உவமைக்கு முழு விடை கிடைத்துவிட்டதாக நான் கூறவில்லை. உலகப்பொருளால் சிநேகிதரைச் சம்பாதியுங்கள் என்ற ஒன்பதாம் வசனமும், தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் சேர்ந்து ஊழியஞ்செய்ய முடியாது என்ற பதின்மூன்றாம் வசனமும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பதோடு நான் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறேன். 1942-இல் லட்சக்கணக்கான இந்தியர் இந்நாட்டை விட்டு ஓட நேர்ந்தபோது அவர்களை வீட்டில் ஏற்றுக்கொள்ளும் சிநேகிதர் எத்தனை பேருக்கு இருந்திருப்பர் என்ற கேள்வியும் ஒன்பதாம் வசனத்தருகே வந்து நிற்கிறது. அதை விலக்கிவிட்டுப் படிக்க என்னால் முடியவில்லை.

தங்கள் ஞாயிறு பகுதி அந்த உவமையை எட்டாம் வசனத்தோடு நிறுத்தி அச்சிட்டிருந்தது. அடுத்த ஐந்து வசனங்களையும் வெளியிட்டு, வேறு விதமாகப் பொருள் கொள்ளும் ஆயர்களும் உபதேசியார்களும் தங்கள் விளக்கத்தை எழுத இடமளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்ச் சபை உபதேசியார் ஒருவர்,
யாங்கோன்.