பாலத்தின் மேல் போன வண்டி

செங்கோட்டை

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு அம்மாவும் நானும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை ரயில் ரசிகர்களான நண்பர்கள் நால்வர் தத்தம் பழைய படங்களுடன் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அப்போது தெரியவந்த ஒரு செய்தியை உனக்கு உடனே சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

1904-இல் திறக்கப்பட்ட செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதையை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 செப்டம்பரில் மூடினார்கள் அல்லவா? அதற்குச் சில வாரங்கள் முன்பு நீயும் அம்மாவும் புனலூரில் பெரியம்மா வீட்டுக்குப் போய் வந்தீர்கள். போன அன்றும் திரும்பிய அன்றும் நான் மோட்டார் சைக்கிளில் கழுதுருட்டிக்குச் சென்று, 13 கண் பாலத்தின் கீழே சாலையோரம் நின்று படம் எடுத்தேன். ஒரே பிலிம் சுருளில் இருந்த படங்கள் பின்னர் கலந்துவிட்டன. அவற்றுள் நன்றாக வந்த ஒன்றின் பின்புறம், "புனலூர் போகும் வண்டி" என்று எழுதி இத்தனை ஆண்டுகள் வைத்திருந்தேன்.

நண்பர்களுள் ஒருவர் அந்தப் பாதையில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது போகிற வண்டி இல்லை சார், வருகிற வண்டி" என்றார். மலைப்பாதையில் வண்டிக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு டீசல் எஞ்சின்கள் இருக்கும். படத்தில் இரண்டிலிருந்தும் கரும்புகை எழுகிறது. கழுதுருட்டியிலிருந்து இடப்பாளையம் நோக்கி ஏற்றம் என்பதால், செங்கோட்டைக்கு வரும் வண்டிதான் அந்த இடத்தில் அப்படி மூச்சுப்பிடித்து ஏறும். புனலூருக்கு இறங்கும் வண்டிக்கு அவ்வளவு புகை விட வேலையில்லை என்று விளக்கினார். நூறு முறையாவது பார்த்த படத்தில் அந்தப் புகையை மேகத்தின் நிழல்போல எண்ணிக் கடந்திருக்கிறேன்.

ஆகவே, அது உங்களை என்னிடம் திருப்பிக் கொண்டுவந்த வண்டி. உருப்பெருக்கியால் பார்த்தபோது, பின் எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில், ஜன்னல் கம்பிக்கு வெளியே சிறு கை ஒன்று நீண்டிருப்பது தெரிகிறது. அன்று நீ எந்தப் பெட்டியில் இருந்தாய், கீழே நின்ற என்னைப் பார்த்துக் கை காட்டினாயா? அம்மாவுக்குக் கடைசிப் பெட்டி என்றுதான் நினைவு, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறாள்.

2018 முதல் அதே கருங்கல் பாலத்தின் மேல் அகலப்பாதை வண்டிகள் ஓடுகின்றன; அவற்றையும் எடுத்து வருகிறேன். இந்தப் படத்தின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். நண்பர்களுக்குப் பிரதி கொடுக்கும் முன் பின்புறத்தில் பிழையைத் திருத்த வேண்டும். "செங்கோட்டை வரும் வண்டி" என்று எழுதிவிட்டேன். அதன் கீழே உன் பெயரையும் எழுதலாமா என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா