முறுக்கிய இரும்பு

அன்புள்ள ராமசாமி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்து சும்மா கிடந்ததால் பதில் தள்ளிப்போனது. இப்போது பேப்பரில் பொடி எழுத்துகூடத் தெரிகிறது. மருமகள்தான் இன்னும் படிக்க விடமாட்டேன் என்கிறாள்.

அவள் தூங்கும் நேரத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத் துப்பாக்கி ஆலைகளைப் பற்றிப் படித்தேன். வடக்கே ஸ்பிரிங்ஃபீல்டில் 1864இல் மட்டும் 2,70,000க்கு மேல் துப்பாக்கி செய்திருக்கிறார்கள். பணம் இருந்தது, மெஷின் இருந்தது, செய்தார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது தெற்கே ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட்வில் என்ற சின்ன ஊர்.

சாமுவேல் கிரிஸ்வோல்ட் என்பவர் அங்கே பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங் மெஷின் செய்து பணக்காரர் ஆனவர். போர் வந்ததும் 1862இல் அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஈட்டி! துப்பாக்கிக்குத் தட்டுப்பாடு, அதனால் மாநில ஆளுநரே ஈட்டி கேட்டிருக்கிறார். அப்புறம் அதே ஆலையில் ரிவால்வர். கோல்ட் (Colt) என்ற துப்பாக்கிக் கம்பெனியின் 1851 நேவி மாடலைப் பார்த்து அடித்த நகல். அந்தக் கோல்ட் ஆலை இருந்ததோ கிரிஸ்வோல்ட் பிறந்த கனெக்டிகட் மாநிலத்தில்!

நல்ல இரும்பும் எஃகும் கிடைக்காததால் ரிவால்வரின் பிரேமை, அதாவது உடல் சட்டத்தை, பித்தளையில் வார்த்தார்கள். குண்டும் மருந்தும் நிரப்பும் சுழல் உருளையான சிலிண்டருக்குத் தேனிரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி முறுக்கினார்கள். தேனிரும்பில் கசடு நீளவாக்கில் இழையாக ஓடும் அல்லவா? அப்படியே குடைந்தால் வெடிமருந்து வெடிக்கும்போது இழையோடு பிளந்துவிடும். முறுக்கிவிட்டால் இழை சுற்றிக்கொண்டு போகும். மிஞ்சியிருக்கும் சில சிலிண்டர்களில் அந்த முறுக்கு ரேகை இன்றும் தெரிகிறதாம்.

வேலை செய்த 24 பேரில் 22 பேர் அடிமைகள். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். தங்களை அடிமையாகவே வைத்திருக்கப் போராடும் படைக்கு, இவ்வளவு நுணுக்கமாகக் கடைசல் வேலை! ரிவால்வரில் வரிசை எண் இருக்கிறது, கடைந்தவன் பெயர் இல்லை. நம் பழைய ஃபோர்மேன் திட்டியதையெல்லாம் இனி குறையாகச் சொல்லமாட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்துச் செய்தது சுமார் 3,600 ரிவால்வர். ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அது நாலைந்து நாள் கணக்கு. 1864 நவம்பர் 20 அன்று வடக்குக் குதிரைப்படை வந்து ஆலையைக் கொளுத்திவிட்டது.

ஒரு சந்தேகம். முறுக்கிய இரும்பில் துளை போட்டால் ட்ரில் ஒரு பக்கமாக இழுக்காதா? ஃபோர்ஜிங்கில் இருந்தவன் நீதானே, யோசித்து எழுது.

உன்,
சண்முகம்