வேதியியல் ஆய்வகச் சீரமைப்பு: பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் பள்ளி வேதியியல் ஆய்வகத்தின் சீரமைப்பு வேலை முடிந்து, அறையைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டோம். உள்ளே போய்ப் பார்த்த சிலர், "சுவர்கூடப் பழசாகவே இருக்கிறதே, என்னதான் செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பணத்தில் பெரும்பகுதி சுவருக்குப் பின்னாலும் மேசைக்கு அடியிலும் ஸ்டோர் ரூமிலும் போயிருக்கிறது. பெயின்ட் வேலையை நாங்களேதான் நிறுத்தினோம். அதற்கு ஒதுக்கிய தொகை கண் கழுவும் குழாய்க்குப் போனது.

அந்தக் குழாய் ஏன் முதல் வேலையானது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு மாணவியின் கண்ணில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் தெறித்தது. அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்க, தோழிகள் வாஷ்பேசினில் குவிந்து கிடந்த பீக்கர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து இடம் செய்துகொண்டிருந்தார்கள். நல்ல வேளையாகப் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. அமிலத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். கண்ணுக்கு, சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் அதைவிடப் பொல்லாதது. அமிலம் பட்ட இடத்தில் புரதத்தை உறையவைப்பதால் பெரும்பாலும் அங்கேயே மட்டுப்படும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும்.

எந்த மேசையிலிருந்தும் 10 விநாடிக்குள் குழாயை அடைய வேண்டும், 15 நிமிடம் விடாமல் தண்ணீர் வர வேண்டும் என்பது கணக்கு. அதனால் தொட்டியிலிருந்து தனி லைன் இழுத்தோம். எங்கே வைப்பது என்பதில்தான் இரண்டு கூட்டம் சண்டையிலேயே போயிற்று. மூலையில் இடம் சும்மா கிடக்கிறது, அங்கே வைக்கலாம் என்பது பலர் கட்சி. கடைசியில் எங்களில் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்வரிசை மேசையிலிருந்து மூலைக்கு நடந்து பார்த்தார். போகும் வழியில் இரண்டு ஸ்டூலில் முழங்காலை இடித்துக்கொண்டார். மூலை யோசனை அன்றோடு முடிந்தது. இப்போது குழாய் நடுவழியின் முடிவில், நேர்கோட்டில் இருக்கிறது. ஸ்டூல்களின் காலையும் வெட்டிக் குட்டையாக்கி, மேசைக்கு அடியில் தள்ளும்படி செய்தாயிற்று.

அப்புறம் கேஸ். பன்சன் அடுப்புகளின் ரப்பர் குழாயை விரலால் வளைத்தாலே வெடிப்புகள் வாய் பிளந்தன. எல்லாவற்றையும் மாற்றினோம். சிலிண்டர்கள் கட்டடத்துக்கு வெளியே பூட்டிய கூண்டுக்குப் போய்விட்டன. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு படரும். நம் பழைய எக்ஸாஸ்ட் ஃபேனோ கூரையை ஒட்டிச் சுழன்றுகொண்டிருந்தது. அதனால் தரையோரமாகச் சுவரில் காற்றுத் திறப்புகள் வைத்திருக்கிறோம். யாரும் அட்டைப்பெட்டியை அவற்றின் முன்னால் அடுக்காமல் இருந்தால் சரி. மெயின் வால்வு கதவருகில் இருக்கிறது. தன் மேசைப் பக்கம் வைக்கும்படி ஆசிரியர் கேட்டார். தீ என்றால் எல்லோரும் கதவுப் பக்கம்தான் வருவார்கள், வருகிறவர் மூடிவிட்டு வெளியேறலாம் என்று சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

ஸ்டோர் ரூமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டில்களை அழகாக அளவு பார்த்து அடுக்கியிருந்தார்கள். அந்த அழகில், கிளிசரின் மேல்தட்டிலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் அதற்கு நேர் கீழேயும் இருந்தன. இரண்டும் கலந்தால் தீக்குச்சியே வேண்டாம், சற்று நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். இப்போது ஆக்சிஜனேற்றிகள் (பெர்மாங்கனேட் போல மற்றதை எரியத் தூண்டுபவை), எரியும் திரவங்கள், அமிலங்கள், காரங்கள் என்று தனித்தனி அலமாரி. நைட்ரிக் அமிலம் ஆக்சிஜனேற்றியும்கூட என்பதால், அதை அசெட்டிக் அமிலத்தோடும் சேர்க்கவில்லை, இரண்டும் அமிலமாகவே இருந்தாலும். கனமான பாட்டில் எதுவும் கண் உயரத்துக்கு மேல் இல்லை.

பின்வரிசையில், லேபிள் பாதி அரித்த ஒரு பழுப்பு பாட்டில் கிடைத்தது. மூடியின் விளிம்பில் மஞ்சள் படிகம். பிக்ரிக் அமிலம். ஈரமாக இருக்கும்வரை அமைதியாக இருக்கும். காய்ந்துவிட்டால் மூடியைத் திருகும் உராய்வே வெடிக்கப் போதும். லேப் உதவியாளர் அதைத் தொடாமல், அறையைப் பூட்டிச் சாவியோடு வந்து எங்களிடம் சொன்னார். இந்த வேலை முழுவதிலும் மிகச் சரியான முடிவு அதுதான் என்பது குழுவின் கருத்து. வெடிபொருள் கையாளத் தெரிந்தவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். வேலை நான்கு நாள் நின்றது.

நச்சுப் புகையை வெளியே இழுக்கும் புகைபோக்கிப் பெட்டியில் (ஃபியூம் ஹுட்) விசிறி சத்தமாக ஓடியதால் நன்றாக இழுக்கிறது என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறோம். முன்திறப்பில் ஒரு டிஷ்யூ துண்டைத் தொங்கவிட்டால் அது அசையவே இல்லை. மேலே குழாயில் பறவைக் கூடு. சுத்தம் செய்து, விசிறியை மாற்றி, வாய்ப்பக்கம் காற்று விநாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் உள்ளே போகும்படி செய்திருக்கிறோம். டிஷ்யூ துண்டை அங்கேயே ஒட்டிவைத்திருக்கிறோம்.

மின்சாரத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பிரேக்கர் போட்டாயிற்று. பாதரச வெப்பமானிகள், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கம்பிவலைகள் போய்விட்டன. ஒவ்வொரு மாணவருக்கும் பக்கங்கள் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி உண்டு. பார்வைக் கண்ணாடி போட்டவர்கள் அதன் மேலேயே மாட்டிக்கொள்ளலாம். மணல் வாளிகளில் புது மணல் நிரப்பினோம். சோடியம் பற்றினால் தண்ணீரோ கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானோ உதவாது, உலர்ந்த மணல்தான். வாளிகளில் காகிதக் குப்பை போடும் பழக்கம் மறுபடி தலைகாட்டியிருப்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறோம்.

கழிவு அமிலத்தை நடுநிலையாக்கும் தொட்டி மட்டும் பாக்கி. அதற்கான தொகை கையிருப்பில் இருக்கிறது. தணிக்கையான வரவு செலவுக் கணக்கை அலுவலகத்தில் யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

கண் கழுவும் குழாயை வாரம் ஒருமுறை திறந்து, தேங்கிய நீரை ஓடவிட வேண்டும். இல்லையென்றால் குழாய்க்குள் நின்ற அழுக்குத் தண்ணீர்தான் முதலில் கண்ணில் படும். அதற்கொரு நோட்டு குழாயருகே ஆணியில் தொங்குகிறது. முதல் மூன்று வாரம் குழுவினர் கையெழுத்திட்டிருக்கிறோம். நான்காவது வாரத்திலிருந்து பதினோராம் வகுப்பு மாணவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஆய்வகச் சீரமைப்புக் குழு