தலையங்கப் பக்கமும் ஆங்கிலச் சொல்வளமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கித் தேர்வுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் தயாராகும் தமிழ்வழி மாணவர்களை ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தை நாள்தோறும் படிக்கச் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் நடைமுறையில் அது, அன்றைய கட்டுரையின் கடினச் சொற்களைப் பொறுக்கியெடுத்து, எதிரே தமிழ்ப் பொருள் எழுதி, வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடும் பட்டியலாகச் சுருங்கிவிட்டது. கட்டுரையைத் தொடாமல் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்வதால் சொல்வளம் பெருகாது என்பதை, நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டாய ஆங்கிலத் தாளில் 300-க்கு 25 விழுக்காடு பெறாதவரின் மற்றத் தாள்களின் மதிப்பெண்கள் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. அத்தாளில் கட்டுரை எழுதவும், ஒரு பகுதியைச் சுருக்கி வரையவும் வேண்டும். இவற்றுக்குச் சொல்லின் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும், வாக்கியத்தில் எங்கே அமரும் என்பதும் தெரிய வேண்டும். பட்டியல் அதைக் கற்றுத் தராது.

ஆங்கில நாளிதழைத் தடையின்றிப் படிக்க ஏறத்தாழ 8,000 சொற்குடும்பங்கள் (ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும் என்று மொழியியல் அறிஞர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். அவ்வளவு சொல் கைவசம் இல்லாத மாணவருக்குத் துணை நிற்கக்கூடியது, கட்டுரை பேசும் விவகாரத்தைப் பற்றிய முன்னறிவு ஒன்றே. காவிரிப் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். 1990-இல் நடுவர் மன்றம் அமைந்ததும், கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் 192 டி.எம்.சி. நீர் திறந்துவிட வேண்டும் என்று 2007-இல் அது வகுத்ததை 2018-இல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்ததும் டெல்டா மாணவருக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரிந்தவை. அவர் அதே விவகாரம் பற்றி ஓர் ஆங்கிலக் கருத்துக் கட்டுரையைப் படிக்கும்போது 'ரைபேரியன்' (ஆற்றங்கரை சார்ந்த), 'அப்போர்ஷன்மென்ட்' (பங்கீடு), 'அட்ஜுடிகேட்' (தீர்ப்பளித்தல்) போன்ற சொற்களின் பொருளைப் பெரும்பாலும் அகராதியின்றியே ஊகித்துவிடுவார். ஆகவே ஒரு விவகாரம் பற்றித் தங்கள் நாளிதழின் தலையங்கத்தை முதலில் படித்துவிட்டு, பிறகு அதே விவகாரத்தை ஆங்கிலத்தில் படிப்பதே தமிழ்வழி மாணவருக்கு ஏற்ற வழி. தமிழில் படிப்பது நேர விரயம் என்று அவர்களிடம் சொல்வது பெருந்தவறு.

செய்தியைவிடக் கருத்துக் கட்டுரை மேலானது என்பதற்கும் காரணம் உண்டு. அதில் கட்டுரையாளர் எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துரைத்து, ஒரு பகுதியை ஒப்புக்கொண்டு, மறுபகுதியை மறுக்கிறார். மாணவர் தம் கட்டுரைத் தாளில் செய்ய வேண்டியதும் அதுவே. முதல் வாசிப்பில் அகராதியை மூடி வைத்துவிட்டு, வாதம் எங்கே பிடிபடவில்லையோ அந்த இடத்துச் சொல்லை மட்டும் இரண்டாம் வாசிப்பில் தேடினால் போதும். பின்னர் கட்டுரையின் சாரத்தைச் சில வரிகளில் சொந்த ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். பிழை வந்தாலும் கவலையில்லை.

ஒரு சொல் மனத்தில் பதிய அதைப் பலமுறை சந்தித்தாக வேண்டும். ஒரே விவகாரத்தை வாரக்கணக்கில் தொடர்ந்து படிப்பவருக்கு அது தானாக நேர்கிறது. இதற்காகக் கிளை நூலகங்களில் ஆங்கில நாளிதழ்களின் தலையங்கப் பக்கங்களை மட்டுமாவது எடைக்குப் போடாமல், மூன்று மாதங்களுக்குக் கோத்து வைக்கப் பொது நூலகத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.