நாபோத்தின் தோட்டத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைபிளைப் பற்றி நாளிதழ்களில் வரும் ஆன்மிகக் குறிப்புகள் பெரும்பாலும் ஜெயித்தவர்களோடு நின்றுவிடுகின்றன, தாவீது கோலியாத்தை வீழ்த்தினான், தானியேல் சிங்கக் கெபியில் தப்பினான் என்று. சரி, நல்ல கதைகள்தான். ஆனால் விசுவாசத்தில் நின்றவன் செத்துப்போன கதையும் அதே புத்தகத்தில் இருக்கிறதே, 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரம், அதை ஏன் தொடுவதில்லை?

யெஸ்ரயேல் என்ற ஊரில் அரண்மனையை ஒட்டி நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம். ஆகாப் ராஜாவுக்கு அங்கே கீரைத் தோட்டம் போட ஆசை. வேறு நல்ல தோட்டமோ பணமோ தருகிறேன் என்று முறையாகத்தான் கேட்டான். முன்னோர் சொத்தைத் தரமாட்டேன் என்றான் நாபோத், ஏனென்றால் நிலம் கர்த்தருடையது, அறுதியாக விற்கக் கூடாது என்பது பைபிளின் லேவியராகமப் புத்தகம் சொல்லும் சட்டம். ராஜா முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தான், குழந்தை மாதிரி! அப்புறம் ராணி யேசபேல் ராஜாவின் முத்திரையைப் போட்டு ஊர்ப் பெரியவர்களுக்குக் கடிதம் அனுப்புகிறாள்: உபவாசம் கூறுங்கள், இரண்டு பொய்ச் சாட்சிகளை நிறுத்துங்கள், நாபோத்தைக் கல்லெறிந்து கொல்லுங்கள்.

எனக்கு யேசபேலைவிட அந்தப் பெரியவர்கள் மேல்தான் கோபம். மரண தண்டனைக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்பது மோசேயின் சட்டம், அதன்படியே இரண்டு பேரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள், பார்வைக்கு எல்லாம் ஒழுங்கு, ஆனால் ஏன் என்று ஒருவரும் கேட்டதாக அதிகாரத்தில் இல்லை. எலியா தீர்க்கதரிசி மட்டும் அந்தத் தோட்டத்துக்கே போய் ராஜாவின் முகத்துக்கு நேரே கேட்டார்.

உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் இதையும் ஒருமுறை முழுசாகப் போடுங்கள் ஐயா, அந்தப் பெரியவர்களை விட்டுவிடாமல்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்