கிழவி ஒளிந்துகொண்ட இடம்

ஆம்பூர்

அன்புள்ள செல்விக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "வீட்டை வித்துட்டு இங்கயே வந்துடுங்கப்பா" என்றாய். நான் பதில் சொல்லாமல், சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். கோபம் இல்லை கண்ணு. சட்டென்று சொல்ல வரவில்லை. அன்று ராத்திரி 'கரம் ஹவா' என்ற உருதுப் படத்தை மறுபடியும் பார்த்தேன். அதை வைத்துச் சொன்னால் எனக்குச் சுலபம்.

உருது எனக்குத் தாய்மொழி இல்லை. ஷூ கம்பெனியில் இருந்த 31 வருஷத்தில் கூட வேலை செய்தவர்கள் பேசிப் பேசிக் காதில் ஏறியது. இந்தப் படமும் ஒரு ஷூ வியாபாரியின் கதைதான். ஊர் ஆக்ரா. காந்தி சுடப்பட்ட சமயம். சலீம் மிர்ஸாவின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக பாகிஸ்தானுக்கு ரயிலேறுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் ஸ்டேஷனுக்குப் போய்க் கையசைத்துவிட்டுக் குதிரை வண்டியில் திரும்பி வருகிறார். அவரும் போய்விடுவார் என்ற சந்தேகத்தில் கடன் கொடுக்க ஆளில்லை. ஆர்டர் வந்தும் தோல் வாங்கப் பணமில்லாமல் நிற்பது எப்படி வலிக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

பூர்வீக வீடு அண்ணன் பேரில் இருக்கிறது. அவர் போய்விட்டதால் அரசாங்கம் எடுத்து, சிந்துவிலிருந்து வந்த ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறது. காலி செய்யும் நாளில் சலீமின் வயதான அம்மாவைக் காணோம். தேடினால், விறகு போட்டு வைக்கும் இருட்டு அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள். பின்னால் சாகக் கிடக்கும்போது அந்த வீட்டைத்தான் கேட்கிறாள். அந்த வியாபாரியும் நல்ல மனுஷன், சரி என்கிறார். பல்லக்கில் தூக்கி வருகிறார்கள். அவள் காதில் கல்யாணச் சத்தம் கேட்கிறது, புதுப்பெண்ணாக அந்த வாசலில் வந்து இறங்கிய நாளின் சத்தம். உன் அம்மா நம்ம வீட்டுப் படியில் வலது கால் வைத்து ஏறியதை நினைத்து அங்கேயே நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மிச்சத்தைப் பார்த்தேன்.

எடுத்தவர் மைசூர்க்காரர், எம்.எஸ். சத்யு. கதை உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயுடையது. கலவரம் வரும் என்று பயந்து சென்சாரில் மாதக்கணக்காக நிறுத்தி வைத்தார்கள். 1974இல் வெளிவந்து, தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருதையும் வாங்கியது. கலவரம் எதுவும் வரவில்லை. ஜனங்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

சலீமாக நடித்த பல்ராஜ் சாஹ்னியே ராவல்பிண்டியில் பிறந்து, பிரிவினையில் ஊரை இழந்தவர். மகள் இறந்துகிடப்பதைப் பார்க்கும் காட்சியில் அவர் வாய்விட்டு அழவில்லை. அந்த முகத்தை என்னால் இரண்டாம் தடவை பார்க்க முடிவதில்லை. டப்பிங் முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13இல், இறந்துபோனார். கடைசியாக அவர் பேசிக் கொடுத்த வசனம், மனுஷன் எத்தனை காலம் தனியாக வாழ முடியும் என்பதுதானாம்.

நீயும் அதைத்தானே என்னிடம் கேட்கிறாய்?

உன்னை யாரும் விரட்டவில்லை. நீ படித்து, வேலை கிடைத்துச் சந்தோஷமாகப் போனவள். மீனம்பாக்கத்தில் உன்னை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அழுதேன், ஆனால் அது வேறு அழுகை. அதையும் இதையும் ஒன்றாக்க மாட்டேன். நீ போனது தப்பு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஆனால் வீட்டை விற்கச் சொல்லாதே. பிடிவாதம் இல்லை. காலையில் கதவைத் திறந்தால் பால்காரர் பேசுகிறார், எதிர்வீட்டு அக்கா ரசம் கொடுத்தனுப்புகிறாள், பழைய ஆட்கள் சாயங்காலம் திண்ணைக்கு வருகிறார்கள். நான் தனியாக இல்லை. அங்கே வந்தால், நீ வேலைக்குப் போன பிறகு மாலை வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுதான் எனக்குப் பயம். மூன்று மாசம் வந்து இருக்கிறேன். டிக்கெட் போடு, திரும்பி வருவதற்கும் சேர்த்து.

முழங்கால் வலி பரவாயில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறேன்.

லீவு நாளில் அந்தப் படத்தைப் பார். பாட்டியைத் தேடும் இடம் வந்ததும் போன் பண்ணு. இங்கே நடுராத்திரியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா